கினி பிக்குக்குச் சிறுநீர்ப்பைக் கல் அறுவை சிகிச்சை: புதுச்சேரி மருத்துவமனை ஒன்றின் சேவை பற்றி

புதுச்சேரியில், கடலூர் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தனியார் செல்லப்பிராணி மருத்துவமனையில் நாங்கள் வளர்க்கும் கினி பிக் என்னும் சிறிய கொறிவிலங்கான பஞ்சுவுக்கு இந்தக் கோடையில் அறுவை சிகிச்சை நடந்தது. நாய் பூனை வளர்ப்பவர்களுக்கு எந்த மருத்துவர் நல்லவர் என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் உண்டு. முயலும் கினி பிக்கும் வளர்ப்பவர்களுக்கு அப்படி யாரும் கிடைப்பதில்லை என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். குறைகளையும் மறைக்காமல் எழுத வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்துவிட்டேன். எந்த இடமாக இருந்தாலும் இப்படிப்பட்ட ஒரு முடிவை எடுக்கும்போது எதைக் கேட்க வேண்டும், எதை எதிர்பார்க்கலாம் என்பதே இதைப் படிப்பவருக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

பஞ்சு பெண், வயது மூன்றரை. கினி பிக்குகள் நன்றாகப் பராமரித்தால் 5 முதல் 8 ஆண்டுகள் வரை வாழக்கூடியவை, ஆகவே அவளுக்கு இது நடுவயது. சிறுநீர் கழிக்கும்போது மெல்லிய குரலில் கீச்சிடுவதும், முதுகை வளைத்துக் கூண்டின் மூலையில் உட்கார்ந்துகொள்வதும் முதலில் தெரிந்தன. அடுத்து, விரித்திருந்த வெள்ளைத் துணியில் இளஞ்சிவப்புக் கறை படிந்தது. கினி பிக்கின் சிறுநீர் இயல்பாகவே சுண்ணாம்பு கரைத்தாற்போல் கலங்கலாக இருக்கும், காய்ந்தால் வெண்பொடி படியும். ஆனால் சிவப்பு இயல்பானதன்று. கடலூரில் முதலில் காட்டிய இடத்தில் சிறுநீர்த் தொற்று என்று சொல்லி, குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார்கள். மருந்தையும் வாங்கிவிட்டோம்.

புதுச்சேரி மருத்துவமனையின் மேல் எனக்கு மதிப்பு வந்தது அங்கே போவதற்கு முன்பே, தொலைபேசியில். நேரம் கேட்பதற்காகத்தான் அழைத்தேன். எடுத்த பெண் உதவியாளர் விலங்கு எது, வயது என்ன, சாப்பிடுகிறதா, புழுக்கை போடுகிறதா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, ஏற்கெனவே ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்றார். பெயரைப் படித்துக் காட்டியதும், "அதைக் கொடுத்துடாதீங்க சார், டாக்டர் பார்த்துட்டுச் சொல்லட்டும்" என்று தடுத்தார். பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் கினி பிக்கின் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கிளாஸ்ட்ரிடியம் என்னும் பாக்டீரியா பெருகி, அதன் நச்சு சில நாட்களில் உயிரையே எடுத்துவிடும். அமாக்சிசிலினும் ஆம்பிசிலினும் இந்த வகை; பென்சிலின் வகையைச் சேராத கிளிண்டமைசினும் அதே ஆபத்தைத் தருவது. என்ரோஃப்ளாக்சசினும் சல்ஃபா கலந்த டிரைமெத்தோபிரிமும் பொதுவாகப் பாதுகாப்பானவை. வரவேற்பில் அமர்ந்திருப்பவருக்கே இது தெரிந்திருந்தது. இந்த விலங்கைப் பார்க்கப் பழகிய இடமா என்பதை அறிய இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர்தான். ஆனால் அக்னி நட்சத்திரக் காலத்தில் அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம் என்று ஒவ்வொரு இடத்திலும் வண்டி நின்று நின்று போகும். 30 டிகிரியை நெருங்கும் வெப்பத்தையே தாங்க முடியாத பிராணி இது. நிலைமையைச் சொன்னதும், வழக்கமாகக் கிடைக்கும் நேரத்துக்கு முன்பாகவே, காலை வெயில் ஏறுவதற்குள் வரச் சொன்னார்கள். அதுவும் கேட்காமலே கிடைத்த சலுகை இல்லை. நாம் கேட்க வேண்டும், கேட்டால் செய்கிறார்கள்.

மருத்துவர் நாற்பதைத் தொடாதவர், அதிகம் பேசாதவர். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் துண்டு விரித்துப் பஞ்சுவை உட்காரவைத்து, கிராம் கணக்கில் காட்டும் தராசில் எடை பார்த்தார். வீட்டில் 860 கிராம் இருந்தவள் 740 கிராமுக்கு இறங்கியிருந்தாள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடை குறைந்தாலே இந்த விலங்குக்கு ஆபத்து என்றார். நாங்கள் கொண்டுபோயிருந்த கூடையைத் துழாவி, அடியில் கிடந்த புழுக்கைகளை உள்ளங்கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். அவை சிறுத்து, ஒரு முனை கூம்பி, காய்ந்து கிடந்தன. குடல் வேகம் குறைகிறது என்பதற்கு அது அடையாளம். எக்ஸ்ரேயில் சிறுநீர்ப்பைக்குள் ஒரு வெள்ளை வட்டம் பளிச்சென்று தெரிந்தது, ஏழு மில்லிமீட்டர். ஸ்கேனில் இரண்டு சூலகங்களிலும் சிறிய நீர்க்கட்டிகளும் இருந்தன.

இதற்குப் பிறகு நடந்த பேச்சுக்குத்தான் நான் இந்த மருத்துவமனைக்கு முழு மதிப்பெண் தருவேன். "கல்லை எடுக்கலாம் சார். எடுக்கணுமான்னு முதல்ல பேசுவோம்" என்று தொடங்கினார். கினி பிக்குக்கு வரும் கற்கள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதைக் கரைக்கும் உணவோ மருந்தோ கிடையாது. பெண் விலங்கானால் சிறிய கற்கள் தாமாகவே வெளியேறுவது உண்டு, மயக்கம் கொடுத்துச் சிறுநீர்ப் பாதை வழியாக இடுக்கியால் எடுப்பதும் உண்டு. ஏழு மில்லிமீட்டர் அதற்குப் பெரிது. ஆகவே வயிற்றைத் திறந்து சிறுநீர்ப்பையைக் கீறி எடுப்பது ஒரு வழி. வலி மருந்தும் நீரேற்றமும் கொடுத்து, அறுக்காமல் சில காலம் வசதியாக வைத்திருப்பது இரண்டாவது வழி; கல் வழியை அடைத்துக்கொள்ளும் நாள் வரும் என்பதை ஒப்புக்கொண்டே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வலி கட்டுக்குள் வராவிட்டால் ஊசி போட்டு நிரந்தரமாக உறங்கவைப்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே குரலில், ஒன்றை நோக்கி எங்களைத் தள்ளாமல் சொன்னார்.

அடுத்துச் சொன்னது எண்கள். 2008-ல் வெளிவந்த ஒரு பிரிட்டன் ஆய்வில், மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நாய்களில் 0.17 சதவீதமும் பூனைகளில் 0.24 சதவீதமும் மயக்கத்தோடு தொடர்புடைய காரணத்தால் 48 மணி நேரத்துக்குள் இறந்தன. முயல்களில் அது 1.39 சதவீதம், கினி பிக்குகளில் 3.8 சதவீதம். நாயைவிட இருபது மடங்குக்கும் மேலான அபாயம் என்று நேராகவே சொன்னார். நோயுற்று எடை குறைந்த விலங்குக்கு அது இன்னும் கூடும் என்பதையும் சேர்த்துக்கொண்டார். காரணங்களையும் விளக்கினார்: உடல் சிறியது, சூடு சட்டென்று இறங்கிவிடும், அடிநாக்கோடு அண்ணம் ஒட்டி ஒரு சிறு துளை மட்டுமே இருப்பதால் நாய்க்குச் செய்வதுபோல் மூச்சுக்குழாயில் குழல் செருகுவது கடினம், முகமூடி வழியாகத்தான் மயக்க வாயு கொடுக்க வேண்டியிருக்கும், அறுவை முடிந்து விழித்ததும் சாப்பிடாமல் போனால் குடல் நின்று, அறுவையில் பிழைத்தது அதன் பின்னர் போய்விடும்.

என் மனைவி கேட்ட கேள்விதான் அன்றைய பேச்சிலேயே முக்கியமானது. "நீங்க இதுவரைக்கும் எத்தனை கினி பிக்குக்கு இதைச் செஞ்சிருக்கீங்க டாக்டர்?" அவர் தயங்கவில்லை. கல்லுக்காகச் செய்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான், அவற்றில் ஒன்று மறுநாள் இறந்தது, ஒன்றுக்கு ஓராண்டுக்குள் மறுபடி கல் வந்தது என்றார். கல் திரும்ப வருவது இந்த விலங்கில் சாதாரணம், எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது என்றும் சொன்னார். தன் கையில் இறந்ததைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லும் மருத்துவரை நான் மனிதர்களுக்கான மருத்துவமனைகளிலும் அதிகம் பார்த்ததில்லை.

அன்றே முடிவு சொல்ல வேண்டாம் என்று அனுப்பிவைத்தார். வீட்டில் கருத்துக்குப் பஞ்சமில்லை. வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் கஷாயமும் கொடுத்தால் கல் கரைந்துவிடும் என்றார்கள் அக்கம்பக்கத்தார். கால்சியம் கார்பனேட் விஷயத்தில் மருத்துவர் சொன்ன பிறகு அதற்கு இடமில்லை, சாப்பிடாத விலங்கின் வாயில் கஷாயம் ஊற்றினால் புரையேறிவிடும் என்பது வேறு. "எண்ணூறு ரூபாய்க்கு வாங்கினதுக்கு இருபதாயிரமாடா?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் வாங்கிய விலையை வைத்து மருத்துவச் செலவைக் கணக்கிட்டால் தெருவில் எடுத்து வளர்த்த நாய்க்கு ஊசிகூடப் போட முடியாது. எனக்கு எழுந்த தயக்கம் பணத்தைப் பற்றியதன்று. ஏன் எடுத்துப்போகிறார்கள், ஏன் வலிக்கிறது என்று எதுவும் விளங்காத ஒரு பிராணியை, பிழைக்கும் என்ற உறுதி இல்லாமல், இன்னும் வலிக்கப்போகும் ஒன்றுக்கு உட்படுத்துவது சரியா என்பதுதான். ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் அவள் கீச்சிடுவதைக் கேட்டுக்கொண்டே, வலி மருந்தோடு ஒப்பேற்றலாம் என்ற இரண்டாவது வழியை என்னால் தேர்ந்தெடுக்க முடியவில்லை. மற்றபடி அவள் கண் தெளிவாக இருந்தது, கொத்தமல்லித் தழையை நீட்டினால் முகர்ந்து பார்த்தாள், இரண்டு வாய் கடித்தாள். உயிர்வாழும் விருப்பம் உள்ள விலங்கு என்று மருத்துவர் சொன்னதை நாங்களும் கண்ணால் கண்டோம்.

இரண்டாவது கருத்துக் கேட்கலாமா என்றும் யோசித்தோம். புதுச்சேரியிலேயே குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903 முதல் நடந்துவரும் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எந்தச் சந்தேகமும் மிச்சமின்றி முடிவெடுக்க விரும்புபவர்கள் எக்ஸ்ரே படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு இத்தகைய கல்லூரி மருத்துவமனைகளில் கேட்பது நல்லது. இந்த மருத்துவரும் அதைத் தடுக்கவில்லை, படத்தை அவரே கொடுத்தார். கடலூரிலிருந்து 180 கிலோமீட்டருக்கு மேல் மே மாத வெயிலில் பஞ்சுவைக் கொண்டுபோவது அறுவையைவிட ஆபத்து என்று நாங்கள் சென்னையை விட்டுவிட்டோம்.

அறுவைக்குச் சம்மதம் சொன்னதும் இன்னொரு கேள்வி வந்தது. சூலகத்தில் நீர்க்கட்டிகளும் இருக்கின்றனவே, ஒரே மயக்கத்தில் கருப்பையையும் சூலகத்தையும் எடுத்துவிட்டால் பின்னர் மீண்டும் அறுக்க வேண்டாமே என்று நான் கேட்டேன். அதிகக் கட்டணம் வரக்கூடிய வேலையை வாடிக்கையாளரே கேட்கும்போது, மருத்துவர் வேண்டாம் என்றார். பெண் கினி பிக்குகளில் இந்தக் கட்டிகள் மிகச் சாதாரணம். பெரிதானால் இரு விலாவிலும் முடி கொட்டும், வயிறு உப்பும், அப்போது எடுக்க வேண்டும். இப்போது உயிருக்கு ஆபத்து கல்லினால்தான். மயக்கத்தில் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் எடை குறைந்த இந்த உடம்புக்குச் சுமை. கட்டிகளைக் கவனித்துக்கொண்டிருப்போம் என்று முடித்தார். இதற்கு மாறாக, ஒரேயடியாக முடிப்பதே நல்லது என்று கருதும் மருத்துவர்களும் இருக்கக்கூடும். அவர் சொன்ன காரணம் எங்களுக்குப் பொருந்தியது.

உடனே அறுக்கவும் இல்லை. முதலில் குடலை ஓடவைக்க வேண்டும் என்று, தோலுக்கடியில் நீரேற்றி, மெலாக்சிகாம் என்னும் வலி மருந்து கொடுத்து, கிரிட்டிக்கல் கேர் என்னும் புல் பொடியைக் குழைத்து சிரிஞ்சில் ஊட்டச் சொன்னார். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 80 மில்லி, அதையும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்து. வாயின் பக்கவாட்டில், முன்பற்களுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் முனையை வைத்து, ஒரு மில்லி தள்ளி, அவள் மென்று விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். உதவியாளர் ஒருமுறை செய்துகாட்டி, பின்னர் எங்கள் கையில் கொடுத்துச் செய்யவைத்துப் பார்த்தே அனுப்பினார். மனிதனைப்போலவே கினி பிக்கும் வைட்டமின் சி-யைத் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ளாது. அது குறைந்தால் புண் ஆறாது. ஒரு கிலோவுக்கு நாள்தோறும் 10 முதல் 30 மில்லிகிராம் தேவை, நோய்க்காலத்தில் இன்னும் அதிகம் என்று சொட்டு மருந்தும் எழுதினார். புழுக்கை பழைய பருமனுக்கு வந்த பிறகுதான் தேதி குறித்தார்கள்.

இந்த இடத்தில் முதல் பெரிய குறை. அறுவைக்கு முந்திய மாலை மருத்துவமனையின் வாட்ஸ்அப் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது: இரவு பத்து மணிக்குமேல் உணவோ தண்ணீரோ கொடுக்கக் கூடாது. நாய்க்கும் பூனைக்கும் அனுப்பும் அதே அச்சடித்த செய்தி. கினி பிக்கால் வாந்தி எடுக்க முடியாது, எனவே நாயைப்போல் நீண்ட பட்டினி தேவையில்லை. பட்டினி போட்டால், சிரமப்பட்டு ஓடவைத்த குடல் மீண்டும் நின்றுவிடும். மயக்கத்துக்குச் சற்றுமுன் வாயில் ஒதுக்கி வைத்திருக்கும் புல்லைச் சுத்தம் செய்தால் போதும். மருத்துவரை அழைத்துக் கேட்டபோது, காலை வரை சாப்பிடட்டும், அந்தச் செய்தியைப் பொருட்படுத்தாதீர்கள் என்று வருந்திச் சொன்னார். மருத்துவரிடம் கேட்கத் தோன்றாத ஒருவர் அந்தச் செய்தியை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இவ்வளவு கவனமான மருத்துவர் இருக்கும் இடத்தில் இப்படி ஒரு செய்தி தானாகப் போய்க்கொண்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அறுவை நாளில் குறை சொல்ல ஏதுமில்லை, காத்திருப்புக் கூடத்தைத் தவிர. நாய்களுக்கும் சிறு பிராணிகளுக்கும் ஒரே கூடம். ஒரு லாப்ரடார் கூடைக்கு அருகில் மூக்கை நீட்டியதும் பஞ்சு உறைந்துபோனாள். இரைவிலங்கின் உடம்பில் அந்த அச்சமே இதயத்தைப் பதறவைக்கும். வண்டியில் ஏசி போட்டு உட்கார்ந்துகொண்டு, அழைத்ததும் உள்ளே போனோம். உங்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

ஐசோஃப்ளூரேன் என்னும் வாயு கொடுத்த மயக்கத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடித்தது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்புறம் நிற்க அனுமதித்தார்கள். அறுவைக் கையுறைகளில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, வாயைக் கட்டி, துணி சுற்றி அவளுடைய இரண்டு பக்கமும் அணைத்து வைத்திருந்தார்கள். ஐந்து விரலும் விரிந்த அந்தக் கையுறைகள் ஆறும்போதெல்லாம் உதவியாளர் வேறு இரண்டை மாற்றிக்கொண்டே இருந்தார். தோலுக்கு உள்ளேயே கரையும் தையல், கடித்துப் பிடுங்க நூல் வெளியே தெரியாது. கல்லைச் சிறிய குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். மேற்புறம் சொரசொரப்பாக, வெளிறிய மஞ்சளில், இவ்வளவு சிறிய உடம்புக்குள் எப்படி இருந்தது என்று கேட்கவைக்கும் அளவு. விழித்து, தானாக ஒரு புல் தண்டை இழுத்துக் கடித்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இரண்டாவது பெரிய குறை அன்றிரவு. இரவில் அங்கே விலங்குகளை வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, மாலையிலேயே அழைத்துப்போக வேண்டும். அது முன்பே சொல்லப்பட்டதுதான். ஆனால் அவசரத்துக்கு என்று கொடுத்த எண்ணை நள்ளிரவுக்குப் பிறகு அழைத்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. பஞ்சு ஊட்டியதைத் துப்பிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தொட்டால் விலகினாள்; வலி மருந்தின் அடுத்த வேளையை முன்கூட்டியே கொடுக்கலாமா என்பதுதான் எங்கள் கேள்வி. விடிந்த பிறகே பதில் கிடைத்தது, அதுவும் மருத்துவர் தானாக அழைத்து எப்படி இருக்கிறாள் என்று கேட்டபோது. கையில் கொடுத்த பராமரிப்புத் தாளும் நாய்க்கானது: கழுத்துப் பட்டை மாட்டுங்கள், சங்கிலியில் நடக்க விடுங்கள் என்று இருந்தது. மரத்தூள் விரிக்கக் கூடாது, துணி விரித்து அடிக்கடி மாற்ற வேண்டும், தினமும் ஒரே நேரத்தில் எடை பார்க்க வேண்டும் என்ற முக்கியமான மூன்றும் வாய்மொழியாகவே வந்தன. கினி பிக்குக்கென்று அரைப் பக்கம் அச்சடிப்பது அவர்களுக்குப் பெரிய காரியமாக இருக்காது.

செலவு, எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவை, மருந்து, அறுவைக்குப் பிந்திய பரிசோதனை எல்லாம் சேர்த்து இருபத்தோராயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. முன்கூட்டிச் சொன்ன மதிப்பீட்டைவிட அதிகம் ஏறவில்லை. ஆனால் ரசீதில் "இதரம்" என்று ஒரு வரியில் கணிசமான தொகை போட்டிருந்தார்கள். கேட்டபோது கையுறை, சிரிஞ்ச், மயக்க வாயு என்று பிரித்துச் சொன்னார்கள், எழுதித் தரவில்லை. கொடுத்த பணத்துக்கு வேலை நடந்தது என்றே கருதுகிறேன். கணக்கைக் கேட்டுத்தான் பெற வேண்டும் என்பது மட்டும் பிடிக்கவில்லை.

பஞ்சு இப்போது எடையில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டாள். பசலைக்கீரையையும் குதிரைமசாலையும் நிறுத்திவிட்டோம், இரண்டிலும் கால்சியம் அதிகம். திமோதி புல் தபாலில் வருகிறது, அது தீரும்போது அருகம்புல்லும் பக்கத்துப் பால்காரரிடம் கிடைக்கும் கம்பு நேப்பியர் தீவனப்புல்லும் கொடுக்கிறோம், வைட்டமினுக்குக் குடைமிளகாய். மறு எக்ஸ்ரேயில் சிறுநீர்ப்பை சுத்தமாக இருந்தது. நீர்க்கட்டிகள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்காக மீண்டும் அறுக்க வேண்டி வந்தால் இதே மருத்துவரிடம்தான் போவேன்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் கினி பிக்கோ முயலோ வளர்த்து, அறுவை வேண்டுமா வேண்டாமா என்று குழம்பி நிற்பவர்கள் இத்தகைய இடத்தில் ஒரு கலந்தாய்வுக்காவது போகலாம்; அறுவைக்கு ஒப்புக்கொள்ளாமல் திரும்பினாலும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஒப்புக்கொண்டால், அன்றிரவு அவசர எண்ணை எடுக்கப்போகிறவர் யார் என்று பெயரோடு கேளுங்கள், வலி மருந்தை எந்த அளவுவரை முன்கூட்டிக் கொடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் வரும் பட்டினிச் செய்தியை அவரிடம் காட்டாமல் பின்பற்ற வேண்டாம்.